கருப்பு ரெக்ஸின் அட்டைக்குள் ஒரு வரலாறு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். "கவிதை நிறைய வந்தாச்சு, ஹாஸ்டல் ஜோக்கும் வந்தாச்சு. வரலாறு மாதிரி ஏதாவது ஒண்ணு எழுதிக் கொடுப்பா" என்றார் என் பேட்ச் நண்பர். எனக்கும் வரலாற்றுக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. அவரிடம் அதைச் சொன்னேன். "நீ படிச்ச டிபார்ட்மெண்ட் பத்தி எழுதேன், அதுவும் வரலாறுதானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சரி என்று அடுத்த சனிக்கிழமை கல்லூரிக்குப் போனேன். துறை நூலகத்தில், ஜன்னலோரம் இருக்கிற அந்தப் பழைய இரும்பு அலமாரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதில் அடுக்கி வைத்திருப்பவை எம்.இ. மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள். எல்லாம் கருப்பு ரெக்ஸின் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் ஆண்டு. நாம் எல்லோரும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். ஆனால் வரிசையாக எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முதல் தட்டில் இருப்பவை கை தாங்காத கனம். டைப்ரைட்டரில் அடித்து, படங்களை ட்ரேசிங் பேப்பரில் இந்தியன் இங்க்கால் வரைந்து, அம்மோனியா பிரிண்ட் போட்டு, நான்காய் மடித்து உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். விரித்தால் இன்னும் லேசாக அந்த நெடி வருகிறது. இரண்டாவது, மூன்றாவது தட்டுகளில் புத்தகங்கள் திடீரென்று இளைத்துவிடுகின்றன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் புள்ளி எழுத்து, அறுபது எழுபது பக்கம், அவ்வளவுதான். கீழ்த் தட்டில் மறுபடி சதை பிடிக்கிறது. பின் அட்டையில் ஒரு உறை, உறைக்குள் ஒரு சி.டி. அந்த சி.டி.யைப் போட்டுப் பார்க்க இன்றைக்கு ஒரு டிரைவ் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்!

புத்தகம் ஏன் இளைத்தது, ஏன் மறுபடி பெருத்தது? மாணவர்களின் சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்ததில் காரணம் டெல்லியில் இருந்தது. முதுநிலைப் பொறியியல் படிப்பை எப்படி நடத்துவது என்று ஆராய 1959-61ல் எம்.எஸ். தாக்கர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் காலத்தில் எம்.இ., எம்.டெக். என்றால் இரண்டு வருஷம். அடுத்து 1980ல் டாக்டர் நாயுடம்மா குழு அறிக்கை கொடுத்தது. நம் சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையத்தை உலகறியச் செய்த அதே நாயுடம்மாதான். 1985ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மறைந்தவர். அந்த அறிக்கைக்குப் பிறகு படிப்பு ஒன்றரை வருஷம், அதாவது மூன்று செமஸ்டர் ஆனது. 1995ல் பி. ராமராவ் குழு வந்து, பத்தாது, 21 மாதம் வேண்டும், நான்கு செமஸ்டராக்குங்கள் என்றது. மூன்று செமஸ்டர் காலத்தில் நம் கல்லூரியில் இரண்டு செமஸ்டர் பாடம் போக, ப்ராஜெக்ட்டுக்கு மிஞ்சியது ஒரே ஒரு செமஸ்டர். தலைப்புத் தேடவே ஒரு மாதம் போய்விடும். மீதி நாலு மாதத்தில் எந்தப் புத்தகம் தடிக்கும்?

அலமாரியில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. ஆரம்ப காலப் புத்தகங்களில் முதல் பக்கச் சான்றிதழில் ஒரே ஒரு கையெழுத்து, கல்லூரி கைடுடையது. பின்னால் வரவர இரண்டு கையெழுத்து: ஒன்று கைடு, இன்னொன்று ஏதோ ஒரு கம்பெனியின் மேலாளர். அதாவது, கல்லூரி லேபிலேயே உட்கார்ந்து செய்யும் ப்ராஜெக்ட் ஒரு வழி, தொழிற்சாலைக்குப் போய்ச் செய்யும் ப்ராஜெக்ட் இன்னொரு வழி. மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போது ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் விடிய விடியப் பேசினது இதைத்தானே! "உள்ளேயா, வெளியேயா?"

இந்த இரண்டு வழியும் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதில்தான் எனக்கே வரலாற்றில் கொஞ்சம் ருசி தட்டியது.

நம் ஊரில் பொறியியல் கல்வி "வெளியே"தான் தொடங்கியது. 1794ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். எட்டே மாணவர்கள். அனாதை இல்லத்திலிருந்து வந்த பையன்கள். கணக்கும் கருவியும் பழக்கி, அவர்களை மாவட்டங்களுக்கு அளவை வேலைக்கு அனுப்பினார்கள். சங்கிலி பிடித்து நடந்ததுதான் பாடம், ப்ராஜெக்ட், பரீட்சை எல்லாமே. அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1859ல் பொறியியல் கல்லூரி என்ற பெயர் பெற்று, 1920ல் கிண்டிக்குக் குடிபோனது. வடக்கே ரூர்க்கி கல்லூரி 1847ல் வந்ததற்கும் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த கங்கைக் கால்வாய்தான் காரணம். கால்வாய்க்கு ஆள் வேண்டும், ஆளைத் தயார் செய்யக் கல்லூரி வேண்டும். ப்ராஜெக்ட் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது, தேட வேண்டிய அவசியமே இல்லை.

"உள்ளே" என்கிற வழி ஜெர்மனியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1899ல் பிரஷ்யாவின் தொழில்நுட்ப உயர்கல்வி நிலையங்களுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமையை இரண்டாம் கைசர் வில்ஹெல்ம் வழங்கினார். அதுவரை பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்ஜினியரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். டிப்ளோம் இன்ஜினியர் என்ற பட்டமும் அப்போதுதான் வந்தது. படிப்பின் கடைசியில் மாணவன் ஒரு பேராசிரியரின் கீழ் தனியாக ஒரு ஆய்வைச் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். நம் தீசிஸுக்கு இது ஒரு பெரியப்பா முறை.

நிற்க. நான் நின்று நிதானமாகப் பார்த்தது அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையை. பாஸ்டனில் இருந்து கேம்பிரிட்ஜுக்கு அப்போதுதான் இடம் மாறியிருந்த எம்.ஐ.டி.யில், 1916ல், ஆர்தர் டி. லிட்டில், வில்லியம் வாக்கர் என்ற இரண்டு பேர் ஒரு விசித்திரமான யோசனையோடு வந்தார்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பையன் கல்லூரியில் பார்ப்பது கண்ணாடிக் குடுவை. வேலைக்குப் போனால் பார்க்கப் போவது இரண்டு மாடி உயரப் பாத்திரம். அவ்வளவு பெரிய பாத்திரத்தைக் கல்லூரிக்குள் வைக்க முடியாது. அதனால் கல்லூரியை ஆலைக்குள் கொண்டுபோய் வைப்போம் என்றார்கள். கோடாக் கேமரா புகழ் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இதற்காக மூன்று லட்சம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்து மூன்று லட்சம்!

இதற்குப் பெயர் பிராக்டிஸ் ஸ்கூல். காகித ஆலை, சர்க்கரை ஆலை, எஃகு ஆலை என்று வேறு வேறு தொழிற்சாலைகளில் ஒவ்வொரு நிலையம். மாணவர்கள் சிறு குழுவாகப் போய்ச் சில வாரம் தங்கி, ஆலையின் உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்து, அளந்து, கணக்குப் போட்டு, ரிப்போர்ட் எழுதி, ஆலைக்காரர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். பிறகு அடுத்த நிலையம். முதல் உலகப்போரில் 1917ல் நின்றுபோய், போருக்குப் பிறகு மறுபடி தொடங்கியது. நூறாண்டு தாண்டிவிட்டது. அதில் முதுநிலைப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஆலை வேலைதான் தீசிஸுக்குப் பதில்.

இதில் நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் எம்.ஐ.டி.யின் ஆசிரியர் ஒருவர் தங்கியிருப்பார். எப்போதாவது விசிட் வந்து, டீ குடித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் அல்ல. அங்கேயே குடியிருப்பவர். மாணவன் எடுத்த அளவு தப்பென்றால் அன்று மாலையே சொல்வார். ஆலை மேலாளர் பையனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் இவர் போய்க் கதவைத் தட்டுவார். பிராக்டிஸ் ஸ்கூல் என்றால் மாணவனை ஆலைக்கு அனுப்புவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆசிரியரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்!

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்கும் வந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தோரம் பிலானியில் 1964ல் உருவான பிட்ஸ், எம்.ஐ.டி.யின் ஒத்துழைப்போடும் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடும் வளர்ந்தது. அங்கே சி.ஆர். மித்ரா இயக்குநராக இருந்தபோது, 1973ல், பிராக்டிஸ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். மாணவன் கடைசியில் தீசிஸ் வேண்டுமா, பிராக்டிஸ் ஸ்கூல் வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் நிலையத்தோடு ஆசிரியரை இணைத்தார்கள்.

தொழிற்சாலை கட்சிக்காகவே வாதாடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "உள்ளே" கட்சிக்கும் பெரிய சாட்சி இருக்கிறது. 1936ல் கிளாட் ஷானன் என்ற இளைஞர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு போஸ்ட் கார்டைப் பார்க்கிறார். எம்.ஐ.டி.யில் வன்னவர் புஷ் உருவாக்கிய டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற கணக்கு இயந்திரத்தை ஓட்ட உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம். போய்ச் சேர்ந்தார். இரும்புத் தண்டும் பல்சக்கரமுமாக ஒரு அறையையே அடைத்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. அதை இயக்க நூறு ரிலே கொண்ட ஒரு கண்ட்ரோல் சர்க்யூட். விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைக் கொண்டுவருவார்கள். ஷானன் இயந்திரத்தைச் செட் செய்து கொடுக்க வேண்டும். எடுபிடி வேலை மாதிரிதான். ஆனால் அந்த ரிலேக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, மிச்சிகனில் தத்துவ வகுப்பில் படித்த பூலியன் அல்ஜீப்ரா ஞாபகம் வந்தது. மூடினால் பூஜ்யம், திறந்தால் ஒன்று. 1937 கோடையில் பெல் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு நடை போய்வந்தார். அதே ஆகஸ்டில் தீசிஸ் கொடுத்தார். வயது 21. இன்றைக்கு நம் பாக்கெட்டில் இருக்கிற செல்போன் வரை எல்லா டிஜிட்டல் சர்க்யூட்டுக்கும் அடிப்படை அந்த மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்தான்.

அவர் தலைப்புத் தேடி எங்கும் அலையவில்லை. ஒரு உண்மையான இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

நம் ஊர் சாட்சி ஒருவரும் இருக்கிறார். அப்துல் கலாம் திருச்சியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். அங்கே அப்போது பட்டதாரிகளைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் ப்ராஜெக்ட். ஏரோடைனமிக்ஸ் பொறுப்பு கலாமுக்கு. வேலை சுணங்கியதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். இதை 'அக்னிச் சிறகுகள்' படித்த எல்லோரும் அறிவார்கள், மேடையில் ஆயிரம் தடவை கேட்டும் இருப்பார்கள். மிரட்டினார், பையன் முடித்தான் என்று கதையை அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பேராசிரியர் வந்து பின்னால் நின்று வரைபடத்தைப் பார்த்தாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடுமுறை நாளில் வந்தாரே ஐயா!

இனி என் கதை. இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் அது பித்தலாட்டம்.

நான் எம்.இ. முடித்தது 2012ல். உற்பத்திப் பொறியியல். ஃபவுண்டரி பக்கம் எனக்கு ஆசை. எங்கள் கைடு என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஃபவுண்டரி லேபிலேயே மணல் பத்தி ஒண்ணு பண்ணேன். சின்ன விஷயம்தான், ஆனா முழுசா உன்னோடதா இருக்கும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. லேபில் இருப்பது பழைய சாண்ட் ராம்மர், ஒரு பெர்மியபிலிட்டி மீட்டர், ஒரு அடுப்பு. அதை வைத்துக்கொண்டு என்னத்தைச் செய்ய? கம்பெனி ப்ராஜெக்ட் என்றால் பயோடேட்டாவில் ஒரு பேர் வரும், முடிந்தால் அங்கேயே வேலையும் கிடைக்கும். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு தொழிற்சாலையில் அனுமதி வாங்கினேன். பேர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை.

காஸ்டிங் ரிஜெக்‌ஷனைக் குறைப்பது என்று தலைப்பு. முதல் நாள் எனக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள், அட்மின் பிளாக்கில். மோல்டிங் ஷாப் இருநூறு அடி தள்ளி. "சேஃப்டி ஷூ இல்லாம உள்ளே விட மாட்டோம் தம்பி, ஸ்டோர்ஸ்ல இண்டென்ட் போட்டிருக்கு" என்றார்கள். ஷூ வர மூன்று வாரம் ஆனது. வந்தபோது எனக்கு ஒரு சைஸ் சிறியது. வெட்கப்பட்டுக்கொண்டு திருப்பிக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

உள்ளே போகாமலே எனக்கு எல்லா டேட்டாவும் கிடைத்தது. ஒரு வருஷத்து ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டர், ஒரு வருஷத்து சாண்ட் டெஸ்ட் ரிஜிஸ்டர். ஃபவுண்டரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சை மணல் என்பது களிமண்ணும் தண்ணீரும் கலந்த மணல். தண்ணீர் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் காஸ்டிங்குக்குள் ஓட்டையாக நின்றுவிடும். அதுதான் ப்ளோ ஹோல். தண்ணீர் குறைந்தால் மோல்டு உதிர்ந்து மணல் உள்ளே விழும். சதவீதக் கணக்கில் அரை, ஒன்று என்று மாறினாலே போதும், ரிஜெக்‌ஷன் எகிறிவிடும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஈரப்பதம் அளந்து எழுத வேண்டும்.

அந்த ரிஜிஸ்டரில் ஈரப்பதம் 3.5 என்று இருந்தது. அடுத்த நாளும் 3.5. தீபாவளிக்கு முந்தின நாளும் 3.5, அடைமழைக் காலத்திலும் 3.5. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாறாக, "நல்ல கண்ட்ரோல் வச்சிருக்காங்க" என்று அதை ஒரு அத்தியாயமாகவே எழுதினேன்! ஈரப்பதம் நிலையாக இருப்பதால் ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் வேறு என்று முடிவுகட்டி, மீதியைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, வண்ண வண்ணமாகப் படம் போட்டு, 112 பக்கம் பைண்டு செய்தேன். கல்லூரி கைடு, கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார். கம்பெனிக்காரர், காலேஜ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கைடு ஒரே ஒரு தடவை ஆலைக்கு வந்தார், அதுவும் பஸ் மாறி மாறி, சொந்தக் காசில். அவருக்கு அந்த செமஸ்டரில் நான்கு பேப்பர் வகுப்பு, பதினோரு ப்ராஜெக்ட். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வயதானவர். கலர்ப் படங்களை எல்லாம் தள்ளிவிட்டு, பக்கம் 43ஐத் திறந்து வைத்துக்கொண்டார். ஈரப்பதம் அட்டவணை. "தம்பி, நீங்க ஒரு நாளாவது இந்த மணலைக் கையில பிடிச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். "எத்தனை அடி அடிச்சு ஸ்பெசிமன் எடுத்தீங்க?" என்றார். மூன்று அடி. ராம்மரின் எடையை மூன்று தடவை விழவிட்டால் ஐம்பது மில்லிமீட்டர் ஸ்பெசிமன் வரும். பி.இ. மூன்றாம் வருஷப் பையனுக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். நல்ல மார்க்தான் போட்டிருந்தார். அது இன்னும் வலித்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, வேறொரு ஃபவுண்டரியில், இரண்டாம் ஷிஃப்டில், பேனா மூடியைத் திறந்து அந்தப் பத்தியில் 3.5 என்று எழுதிய ஒருவரைக் கண்ணால் பார்த்தேன். அளக்கவே இல்லை. அவருக்கு அளக்க நேரமில்லை, மாய்ஸ்சர் டெஸ்டருக்கு வேண்டிய கார்பைடு பவுடர் தீர்ந்துபோயிருந்தது, மேலே யாரும் கேட்பதும் இல்லை. அந்த நிமிஷம்தான் என் 112 பக்கமும் எதன் மேல் நின்றது என்று எனக்கு விளங்கியது. நான் தேடிப்போன ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் என் மேஜை மேலேயே ஆறு மாதம் இருந்திருக்கிறது!

கைடு சொன்னபடி லேபிலேயே செய்திருந்தால்? ஒரு பழைய ராம்மரும் அடுப்பும்தான். ஆனால் ஐம்பது கிராம் மணலைக் காயவைத்து எடை போட்டிருந்தால் ஒரு நாள் 3.1, ஒரு நாள் 4.2 என்று வந்திருக்கும். ஈரப்பதம் மாறும் என்பது கைக்குத் தெரிந்திருக்கும். ஃபவுண்டரி லேபில் இருந்த அட்டெண்டர் அண்ணன் மணலை உள்ளங்கையில் வைத்து ஒரு பிடி பிடித்து, உடைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் பக்கத்தில் ஒரு வாரம் நின்றிருந்தாலே போதும்.

அதற்காக "உள்ளே"தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. என் நண்பன் ஒருவன் லேபிலேயே செய்தான். கைடுக்கு முந்தைய வருஷம் இன்னொருவன் செய்ததையே ஒரு எண்ணை மாற்றிச் செய்தான். அவன் புத்தகமும் என் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது, மறைப்பானேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் "எம்.இ., பி.இ. ப்ராஜெக்டுகள் செய்து தரப்படும், இந்த ஆண்டின் ஐ.ஈ.ஈ.ஈ. தலைப்புகள்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். பணம் கட்டினால் ரிப்போர்ட், கோட், பி.பி.டி., வைவாவில் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் வரை கிடைக்கும். எங்கள் பேட்சிலும் வாங்கினார்கள். அப்போது அவர்களை நான் இளக்காரமாகப் பார்த்தேன். இப்போது அந்தத் தைரியம் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், நான் இலவசமாக ஒரு ரிஜிஸ்டரைக் காப்பி அடித்தேன். 2018ல் யு.ஜி.சி. விதி வந்து, முதுநிலை ஆய்வறிக்கைகளையும் காப்பி பரிசோதனைக்கு உட்படுத்தி, அறுபது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பதிவையே ரத்து செய்யலாம் என்றது. நல்லதுதான். ஆனால் என் ரிப்போர்ட்டை அந்தச் சாப்ட்வேரில் போட்டால் ஒரு சதவீதம்கூட மாட்டாது. எல்லாம் சொந்த வாக்கியம். 3.5 மட்டும்தான் இன்னொருவருடையது.

இப்போது அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல எம்.இ. படிப்புகளுக்கு ப்ராஜெக்ட் முதல் கட்டத்துக்கு 6, இரண்டாம் கட்டத்துக்கு 12 கிரெடிட். வெளியே போய்ச் செய்தால் கல்லூரியில் ஒருவர், நிறுவனத்தில் ஒருவர் என இரண்டு வழிகாட்டிகள். காகிதத்தில் வாக்கரும் லிட்டிலும் செய்ததற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். அந்த ஆலையிலேயே குடியிருந்த ஆசிரியர் மட்டும் வரவில்லை. அவர் வர வேண்டுமென்றால் கல்லூரி அவருக்கு வகுப்பைக் குறைக்க வேண்டும், பயணப்படி கொடுக்க வேண்டும், ஆலை அவருக்கு ஒரு மேஜை போட வேண்டும். ஈஸ்ட்மன் கொடுத்த மூன்று லட்சம் டாலர் அதற்கெல்லாம்தான் போயிருக்கும்.

நான் இப்போது வேலை பார்க்கிற ஃபவுண்டரிக்கு நம் கல்லூரியிலிருந்து இரண்டு வருஷமாக மாணவர்கள் வருகிறார்கள். முதல் வருஷம் வந்த தம்பிக்கு நானும் ஒரு மேஜை கொடுத்து, ரிஜிஸ்டரைக் கொடுத்து, "ஏதாவது டவுட்னா கேளு" என்று சொல்லிவிட்டு மீட்டிங் போய்விட்டேன்! மூன்றாவது வாரம்தான் உறைத்தது. அதன் பிறகு மேஜையை சாண்ட் லேபுக்குள் நகர்த்தினோம். செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு நான் போய் உட்காருவேன். அவர் எடுத்த அளவை நானும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். அவர் கைடிடம் பேசி மாதம் ஒரு முறை கார் அனுப்புகிறோம். கைடு காலையில் வந்தால் சாயங்காலம்தான் போவார், மத்தியானம் எங்கள் கேண்டீன் சாப்பாடு. பெரிய செலவு ஒன்றுமில்லை. கம்பெனியில் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். இந்த வருஷம் வந்த தங்கை, கோர் ஷாப்பில் எடைத் தராசு ஒன்று தப்பாகக் காட்டுவதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்த பிறகு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நம் சங்கத்தில் ஆலை வைத்திருப்பவர்கள், பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் நிறைய. ஆண்டுதோறும் பொன்னாடை, நினைவுப்பரிசு, விருந்து எல்லாம் சிறப்பாக நடக்கிறது. அதில் ஒரு பங்கை, ப்ராஜெக்ட் கைடுகளின் பயணத்துக்கு ஒதுக்கினால் என்ன என்று பொதுக்குழுவில் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. பொன்னாடைக் கமிட்டிக்காரர்கள் மன்னிக்கவும்.

அலமாரிக்கு வருகிறேன். என் புத்தகத்தையும் தேடி எடுத்தேன். உள்ளே தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறது, முத்திரை ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் எடுத்ததில்லை என்று ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிம்மதி. எதிர் மேஜையில் எம்.இ. முதல் வருஷப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அண்ணா, அது ஃபவுண்டரி ப்ராஜெக்டா? நானும் அதான் பண்ணலாம்னு இருக்கேன். நல்லா இருக்குமா?" என்று கேட்டான். கையில் கொடுத்து, பக்கம் 43ஐ எடுக்கச் சொன்னேன்.

"இந்த அட்டவணையில என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுப்பா" என்றேன்.

அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்க ஆரம்பித்தான்.